மண்டகப்பட்டிலிருந்து அர்ச்சுனன் தபசு வரை: ஒரு நாளும் ஒரு மனுவும்

(நம் நலச்சங்கத்தின் தை மாதப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



"நம்ம பக்கத்துல ஒரே நாள்ல பார்க்கக்கூடிய இடங்களைப் பற்றிப் பேசுங்க சார், குடும்பமா வேன் வச்சுப் போகலாம்" என்று செயலாளர் கேட்டார். பேசுகிறேன். ஆனால் அந்த நாளின் கடைசிப் பகுதி நம் சங்கம் எழுதிய ஒரு மனுவில் போய் முடிகிறது. அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. ஆகவே சுற்றுலாப் பேச்சு என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன சித்திரையில் இலங்கையிலிருந்து என் தம்பி வந்திருந்தான். கூடப் பிறந்த தம்பி இல்லை, சின்னத் தாத்தாவின் பேரன். 1920-களில் என் தாத்தாவின் தம்பி கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறியவர். மலையகத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். நம் ஆற்காடு மாவட்டங்களிலிருந்து போனவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது "தேயிலைக்குப் போனவரு" என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்குக் கண்டியில் வேன் ஓட்டும் தொழில். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் காட்டுவான். வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்: "அண்ணே, எங்க ஊர்ல ஒரு நாள் புரோகிராம்னா கணக்கா இருக்கும். காலையில தலதா மாளிகை. மத்தியானம் ஹந்தானையில தேயிலை மியூசியம். சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கண்டி நடனம், ஒரு மணி நேரம். கடைசியில நெருப்பு மேல நடந்து காட்டுவாங்க. ஆறு மணிக்கு ஓட்டல்ல இறக்கி விட்டுருவேன். உங்க ஊர்ல என்ன காட்டுவீங்க?"

கோயில், தேயிலை, ஆட்டம். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கோட்டை இருக்கிறது என்றேன். மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதில் நம் செஞ்சியும் ஒன்று என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் வந்தபோது அந்த அறிவிப்பு வரவில்லை. வந்திருந்தாலும் சித்திரை வெயிலில் ராஜகிரி ஏற நான் தயாராக இல்லை, முழங்கால் அப்படி. காலையில் மண்டகப்பட்டு போவோம் என்று முடிவு செய்தோம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். பேருந்து ஜன்னல் வழியாக அந்தப் பெயர்ப்பலகையை நான் ஆயிரம் முறை பார்த்திருப்பேன். இறங்கியது அன்றைக்குத்தான். உங்களில் எத்தனை பேர் இறங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால் நாலு கை தூக்குமா? சரி, விடுங்கள்.

போய்ப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். கோபுரம் கிடையாது, கொடிமரம் கிடையாது, பூக்கடை கிடையாது. ஒரு பெரிய பாறை. அதன் முகத்தைச் செதுக்கி நேராக்கி, உள்ளே குடைந்திருக்கிறார்கள். முகப்பில் நடுவே இரண்டு தூண், ஓரங்களில் இரண்டு அரைத்தூண். தூண்கள் கீழேயும் மேலேயும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. பூ வேலை, யாளி எதுவும் இல்லை. இரு கோடியிலும் இரண்டு வாயிற்காவலர்கள், தடித்த கதையோடு நிற்கிறார்கள். உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். மூன்றும் காலி.

இதற்கு என்ன பெருமை என்றால், கட்டியவர் தானே எழுதி வைத்திருக்கிறார். முகப்பில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பும் இல்லாமல், பிரமன், ஈசுவரன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் செய்வித்த லட்சிதாயதனம் இது என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது.

நம்மில் வீடு கட்டியவர்கள்தான் இந்தக் கல்வெட்டை நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். செங்கல் என்ன விலை, கம்பி என்ன விலை, மரக்கதவுக்கு ஆசாரி எத்தனை மாதம் இழுத்தடித்தார் என்று நாம் பட்ட பாடு எல்லாவற்றையும் "இல்லாமல், இல்லாமல்" என்று அந்த மனிதர் அடித்துக்கொண்டே போகிறார்! அதற்கு முன் நம் பக்கத்துக் கோயில்கள் செங்கல்லும் மரமும் சுதையுமாகத்தான் இருந்தன. அவையெல்லாம் மழையிலும் தீயிலும் போய்விட்டன. அந்தக் காலத்தில் கல் என்றால் இறந்தவருக்கு நடுவது. இங்கே பக்கத்தில் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில் இதே மகேந்திரன் காலத்தவையும் உண்டு. இறந்தவருக்கான பொருளில் சாமிக்கு வீடு செய்யலாமா என்ற தயக்கம் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தத் தயக்கத்தைத் தாண்டியதைத்தான் அவர் பெருமையாக எழுதினார் போலிருக்கிறது. தமிழகத்திலேயே முதல் குடைவரை இதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. பாண்டிய நாட்டுக்காரர்கள் பிள்ளையார்பட்டியைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். பல்லவர் குடைவரைகளில் முதலாவது என்று சொன்னால் வம்பு குறைவு.

தம்பி காலி அறைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சாமி எங்கண்ணே போச்சு?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிற இடம், பூசை கிடையாது. அவன் செருப்பை மட்டும் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனான். நான் போட்டுக்கொண்டு நின்றவன், பிறகு கழற்றினேன்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். இந்த மகேந்திரவர்மன் நாடகமும் எழுதினவர். மத்தவிலாசப் பிரகசனம் என்று ஒரு கேலி நாடகம். காஞ்சிபுரத்தில் ஒரு குடிகாரக் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு ஊரைக் கூட்டுகிற கதை. கேரளத்தில் கோயில்களில் மத்தவிலாசக் கூத்து என்று இன்றும் ஆடுகிறார்கள், அதுவும் குழந்தை வரம் வேண்டி நேர்த்திக்கடனாக. நம்முடைய ராஜா எழுதியது. நாம் பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்குப் படித்ததோடு சரி.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் தளவானூர். அதுவும் மகேந்திரன் காலத்ததுதான், சத்துருமல்லேசுவராலயம். இதில் முகப்பின் மேல் மகர தோரணம் இருக்கிறது, அழகு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள்.

பத்தரை மணிக்கு வெயில் தாங்கவில்லை. சாலைக்கு வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். தேயிலைக்கு நம் ஊரில் மியூசியமா இருக்கிறது? கொதிக்கிற பாய்லர், துணி வடிகட்டி, ஒரு பெஞ்சு, பேப்பர், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்தப் பெஞ்சில்தான்.

தம்பி ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தான். "இது டஸ்ட்டுண்ணே. பாலும் சீனியும்தான் தெரியுது." அவன் வளர்ந்த லயத்தில் பால் ஊற்றுவது அபூர்வம், வெறும் சாயத்தண்ணிதான். நல்ல கொழுந்தை அவர்கள் பறிப்பார்கள், நல்ல தேயிலை கப்பலேறிவிடும். அவன் அம்மா கொழுந்து பறித்தவர். விடியற்காலை பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரை பிரித்து, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மலையேறினால், சொன்ன கிலோ நிறைந்தால்தான் முழுப்பேர். நிறையாவிட்டால் அரைப்பேர். நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை வரும். வாடப்போட்டு, உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்து என்று அவன் கையாலேயே காட்டினான். டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக டீ ஆற்றுகிறாராம், ஒரு தேயிலைச் செடியைக்கூட நேரில் பார்த்ததில்லையாம்.

இலங்கையில் முதலில் காப்பிதான். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரை தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருஷத்தில் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது, மலை முழுக்கத் தேயிலையாக மாறியது. காப்பி என்றால் பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் போய்விட்டுத் திரும்பி வரலாம். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாகப் போய் அங்கேயே தங்கினார்கள். நாம் இங்கே டீ குடிக்கப் பழகியது அதற்கெல்லாம் ரொம்பப் பிற்பாடு. 1930-களில் தேயிலை வரிப் பணத்தில் பிரச்சார வண்டி விட்டு, ஊர் ஊராக டீ போட்டுக் காட்டி, சும்மா கொடுத்துத்தான் நம்மவர்களைப் பழக்கினார்கள். ஆக, சின்னத் தாத்தா கப்பலேறியபோது அவர் எதைப் பறிக்கப் போகிறார் என்பது அவர் வாய்க்குத் தெரிந்திருக்காது.

பிறகு நடந்ததும் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் மறந்துவிட்டோம். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 1,50,000 பேர் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். சின்னத் தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். பெரியவர் ராமேஸ்வரம் வழியாகத் திரும்பி வந்து, வந்தவர்களுக்காக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மறுபடியும் தேயிலை! சின்னவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் மகன்தான் இந்தத் தம்பி.

மத்தியானம் செஞ்சியில் சாப்பாடு. கோட்டையைக் கீழிருந்து பார்த்தோம், மேலச்சேரிக்குப் போனோம். பழைய செஞ்சி என்று அதைத்தான் சொல்வார்கள். அங்கே ஒரு பல்லவர் குடைவரை இருக்கிறது. அதைவிட, அங்கிருக்கும் திரௌபதி அம்மன் கோயிலைத்தான் மூலக்கோயிலாகச் சொல்கிறார்கள். ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த வட்டாரத்தில் வருஷக்கணக்காகத் திரிந்து, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று தலைப்புப் போட்டு 1988-ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். நம் வட்டாரத்தில் அம்மன் கோயிலுக்குக் காவல் தெய்வங்களில் ஒருவர் முத்தால் ராவுத்தர், முஸ்லிம். பாரதத்தை எந்த வியாசரிடமிருந்து எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், இது நம்ம ஊர் பாரதம்.

தம்பி அப்போதுதான் கேட்டான்: "இங்க கூத்து இருக்காண்ணே? அர்ச்சுனன் தபசு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் காலனிக்குப் பின்னால் இருக்கிற ஊரில் அன்றைக்கு ராத்திரி அதுதான் கூத்து. பத்து நாளாக மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. எனக்கு எப்படித் தெரியும் என்றால், கூத்துப் பார்த்துத் தெரியாது. மனு எழுதும்போது நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன், அப்படித் தெரியும்.

"உனக்கு எப்படி அர்ச்சுனன் தபசு தெரியும்?" என்றேன். மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு மூன்றும் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறார்களாம். அவன் அப்பா ஒருமுறை அர்ச்சுனனாகக் கம்பம் ஏறியிருக்கிறார். இங்கே நாலு மைல் தள்ளியிருக்கிற எனக்குத் தெரியாதது, கடல் தாண்டி, லயத்து வாசலில் உயிரோடு இருந்திருக்கிறது.

இப்போது மனு. நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தென்னை மரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர் நம் தெருவைப் பார்த்து இருந்தது. நம் வீடுகளில் பிளஸ் டூ பிள்ளைகள், நெஞ்சுவலிக்காரர்கள், காலை ஆறு மணி ஷிப்டுக்காரர்கள். பத்து நாள் தூக்கம் போனது உண்மை. நாற்பத்திரண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. அதிகாரிகள் சட்டப்படி நடந்தார்கள். யார் மேலும் எனக்குக் குறை இல்லை. நம் பக்கம் நியாயம் இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்குத் தம்பியோடு போனேன். என் கையெழுத்தைப் பார்த்த யாராவது அங்கே இருப்பார்களோ என்று கூச்சம். ஊர்ப் பெரியவர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க சார், உக்காருங்க" என்று பாயை நகர்த்திப் போட்டார். அவ்வளவுதான் சொன்னார். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மேடை என்று ஒன்றில்லை. தரைதான். ஒரு பக்கம் ஜமா உட்கார்ந்திருந்தது: பெட்டி, மத்தளம், தாளம், முகவீணை. முகவீணை என்றால் வீணை இல்லை, சின்ன நாகஸ்வரம் மாதிரி, காதைத் துளைக்கும். பின்னால் ஓலை மறைப்பில் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் மரம், கண்ணாடித் துண்டு பதித்தவை. கல்யாண முருங்கை மரத்தில் செய்வதால் கனம் இருக்காது என்று வாத்தியார் தம்பி கையில் ஒரு புஜக்கட்டையைக் கொடுத்தார். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கப்பா அட்டையில செஞ்சு கட்டினாரு" என்றான்.

கட்டியங்காரன் வந்து நாலு பேரைக் கேலி செய்து முடித்தபோது மணி பத்து. மைக்கை நிறுத்தினார்கள். எனக்கு வயிறு கலங்கியது.

கூத்து நிற்கவில்லை. திரை பிடித்தார்கள், திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மைக் இல்லாத குரல். அந்த முகவீணைக்கும் மத்தளத்துக்கும் மேலே ஏறி நின்றது. வீட்டில் படுத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் கேட்டது அலறல், ஒரு வார்த்தை புரிந்ததில்லை. அன்றைக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. ஆகா, மைக் இல்லாததே மேல் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையில் கிழவிகள் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை. நடுராத்திரிக்குள் கூட்டம் பாதியாகிவிட்டது. பாடியவர்களுக்கும் கஷ்டம். பழைய ஆட்கள் மைக் இல்லாமலே விடிய விடியப் பாடினார்கள் என்பது சரி. ஆனால் பழைய காலத்தில் பக்கத்தில் நெடுஞ்சாலை லாரி இல்லை, நம் காலனியின் ஜெனரேட்டர் இல்லை. இரண்டு மணிக்கு அர்ச்சுனன் வேஷக்காரர் தொண்டை கட்டிப்போய்ச் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தபசு மரம் ஏறியது விடியலுக்குக் கொஞ்சம் முன்னால். உயரமான கம்பம், படிக்குச் சட்டம் அடித்திருக்கும், உச்சியில் உட்கார ஒரு சின்னப் பலகை. கீழே அர்ச்சுனன், மேலே கைலாசம். ஒரு படிக்கு ஒரு பாட்டு. தொண்டை போனதால் பாதிப் பாட்டை வாத்தியார் கீழிருந்து எடுத்துக் கொடுத்தார். கம்பத்தடியில் ஈரப்புடைவையோடு குழந்தை இல்லாத பெண்கள் தரையில் விழுந்து கிடந்தார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் போட்டார். பழம் யார் மடியில் விழுகிறது என்று ஊரே பார்த்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி நம் காலனியில் இரண்டு வீட்டில் வேலை செய்கிறவள். நீங்கள் அவளை நன்றாக அறிவீர்கள். எனக்கு அவள் மகப்பேறு இல்லாதவள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பி அழுதுகொண்டிருந்தான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

திரும்பி நடந்து வரும்போது வேறு ஒன்று சொன்னான். கண்டி நடனமும் முன்னால் ஒரு மணி நேர ஆட்டம் இல்லையாம். கொஹொம்பா கங்காரிய என்று ராத்திரி முழுக்க நடக்கிற ஒரு சடங்கில் ஆடியதாம். "இப்ப அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணிக்கு முடியும்ணே. டிக்கெட் இருக்கு, சேர் இருக்கு. நல்லாத்தான் இருக்கும். நான் வெளியில வேன்லயே உக்காந்திருவேன்."

இனி சங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை. இந்தச் சித்திரையிலும் பத்து நாள் கூத்து உண்டு. மனு எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எழுதுவதற்கு முன்னால் ஐந்து பேர் நேரில் போவோம். அதே விதிகளில், திருவிழாக்களுக்கு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. நாம் மனுவில் எழுதாமல் விட்டது அது. அந்த அனுமதிக்கு ஊர்க்காரர்கள் விண்ணப்பித்தால் நம் சங்கமும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். தென்னை மரத்துக் குழாயை இறக்கிவிட்டு, கூத்துக் களத்திலேயே தரையில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர், முகம் நம் பக்கம் இல்லாமல் வைக்கலாம். வாடகையில் ஒரு பகுதியை நம் விழா நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று பொருளாளர்தான் சொல்ல வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் மைக் இல்லாத கூத்து. கிழவிகளுக்கு முன்வரிசை. நெஞ்சுவலிக்காரர் வீடு களத்துக்கு எந்தப் பக்கம் என்று நான் நடந்து பார்த்துவிட்டேன், முந்நூறு அடி இருக்கும். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது போய்க் கேட்டால்தான் தெரியும். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னமும் கூச்சம்தான். அதனால் தனியாகப் போக விருப்பமில்லை.

செயலாளர் கேட்ட சுற்றுலாவுக்கு: காலை மண்டகப்பட்டு, தளவானூர். மத்தியானம் மேலச்சேரி. முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்குக் கோட்டை. ராத்திரி நம் பின்தெரு, வேன் தேவையில்லை.

தம்பி இந்தப் பொங்கலுக்கு ஒரு கட்டுத் தேயிலை அனுப்பியிருக்கிறான். வெளியே மேசையில் போட்டு வைத்திருக்கிறது. பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், சர்க்கரை தனியாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கிறது. என்னோடு ஊருக்குள் வருகிற நாலு பேர் அதில் பெயர் எழுதுங்கள்.